நாற்பத்தெட்டாவது படி

சிலிண்டர்காரர் மாடி ஏறும்போது படியைப் பார்ப்பதே இல்லை. இடது தோளில் நான்காக மடித்த துண்டு, அதன்மேல் முப்பது கிலோ சிலிண்டர், இடது கை அதன் மேல்வளையத்தைப் பிடித்திருக்கும், வலது கை சும்மா தொங்கும். பார்வை எதிர்ச்சுவரில் இருக்கும். எத்தனை படி என்று காலுக்குத் தெரியும் என்பார். எங்கள் ஏ பிளாக்கில் தரைத்தளத்துக்கு மேல் நான்கு மாடி, மாடிக்குப் பதினாறு படி, மொத்தம் அறுபத்துநான்கு. லிஃப்ட் கிடையாது. பதினெட்டு வருஷமாக இந்தப் படிகளில் ஏறி இறங்கியவர் அவர். குடியிருப்பதும் இதே பிளாக்கின் தரைத்தளத்தில், மனைவியோடு. வாசலுக்கு வந்தால் அழைப்பு மணியைத் தொடமாட்டார். ஸ்பேனரால் சிலிண்டரை இரண்டு தட்டு. அந்தச் சத்தத்துக்கே எல்லா வீட்டிலும் அடுப்படிக் கதவு திறக்கும்.

வயது நாற்பத்துநான்கு. தெருவில் நாய் குறுக்கே வந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். எங்கேயாவது குரல் உயர்ந்தால் அந்தத் திசையிலேயே இருக்கமாட்டார். அவரைத் தைரியசாலி என்று யாரும் சொன்னதில்லை. பலசாலி என்று எல்லோரும் சொன்னோம். இரண்டும் ஒன்றுதான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அது தவறு என்று புரிவதற்கு ஒரு நிலநடுக்கம் வர வேண்டியிருந்தது.

அது வந்தபோது காலை பத்தரை மணி. அவர் நான்காம் மாடிக்குப் போய்க்கொண்டிருந்தார். மூன்றாம் மாடியைத் தாண்டி, படி திரும்புகிற இடத்தையும் தாண்டி, ஐம்பத்தேழாவது படியில் கால் வைத்த நேரம். முழங்கால் விட்டுப்போகிறது என்றுதான் முதலில் நினைத்தாராம். தூக்குகிற வேலைக்காரர்களுக்கு இது ஒரு நாள் வரும் என்று கேள்விப்பட்டிருந்தார். 'நமக்கும் வந்துடுச்சு' என்று வருத்தப்படக்கூட ஒரு கணம் இருந்ததாம். அப்புறம் எதிர்ச்சுவர் நகர்ந்தது. மேலேயிருந்து காரை உதிர்ந்து தலையில் விழுந்தது. கட்டடம் முழுக்க ஒரு சத்தம். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி, ஆனால் கொட்டி முடியாமல்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் மேலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தம்பி! கதவு மாட்டிக்கிச்சு! திறக்க வரலே! நில்லு தம்பி, போயிடாதே!"

குரல் டைப்பிஸ்ட் அம்மாவுடையது. அவர் தனியாக இருப்பவர். முப்பது வருஷம் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அறுபது தாண்டியவர், கனத்த உடம்பு, இரண்டு முழங்காலும் சரியில்லை. சிலிண்டர் அவர் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஏறி வருகிற காலடியை வைத்தே யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சிலிண்டர்காரர் தோளிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினார். அது படியின் விளிம்பைப் பெயர்த்துக்கொண்டு உருண்டது. அவரும் அதன் பின்னாலேயே இறங்கினார். ஐம்பத்தாறு படிகளை எப்படிக் கடந்தார் என்று நினைவில்லை. வெளியே மைதானத்தில் நின்றபோது மடித்த துண்டு மட்டும் தோளில் அப்படியே இருந்தது என்றார்.

எங்கள் பிளாக் விரிசலோடு நின்றது. சி பிளாக் நிற்கவில்லை. அங்கே பதினோரு பேர் இறந்துபோனார்கள். அன்று பிற்பகல் மூன்றரை மணிக்குத் தீயணைப்புக்காரர்கள் டைப்பிஸ்ட் அம்மாவின் கதவை உடைத்து, அவரை நாற்காலியில் வைத்து இறக்கினார்கள். ஐந்து மணி நேரம் மூடிய கதவுக்குப் பின்னால் இருந்திருக்கிறார். மணிக்கட்டில் வீக்கம், வேறொன்றும் இல்லை. இறக்கிக்கொண்டு வரும்போது சிலிண்டர்காரர் கூட்டத்தின் பின்வரிசைக்குப் போய் நின்றுகொண்டார். அந்தம்மா யாரையும் தேடியதாகத் தெரியவில்லை. யாரிடமும் எதுவும் சொல்லவும் இல்லை. அவர் சொல்லாமல் இருந்ததுதான் சிலிண்டர்காரரை அதிகம் பயமுறுத்தியது.

மைதானத்தில் தார்ப்பாய்க் கூடாரங்கள் போட்டார்கள். நாங்கள் எல்லோரும் பிளாக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். உட்கார்ந்திருந்தோம் என்பதுதான் சரியான சொல். வேறு எதுவும் செய்யவில்லை. ஒவ்வொரு கூடாரத்து வாசலிலும் பாதி தண்ணீர் வைத்த கண்ணாடி பாட்டில் ஒன்று இருக்கும். தண்ணீர் ஆடினால் நிலம் ஆடுகிறது என்று அர்த்தம். ஒருவர் மாற்றி ஒருவர் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்போம். இருபதாம் நாள் இன்ஜினியர் வந்து, ஏ பிளாக்கின் விரிசல்கள் மேல்பூச்சில்தான், தூண்கள் நன்றாக இருக்கின்றன என்று கையெழுத்துப் போட்டுப் பச்சைத் தாள் ஒட்டிவிட்டுப் போனார். தாளை எல்லோரும் போய்ப் படித்தோம். படித்துவிட்டுக் கூடாரத்துக்குத் திரும்பி வந்தோம்.

ஒருவர் மட்டும் மேலே போனார். டைப்பிஸ்ட் அம்மாவுக்குக் கூடாரத்திலிருந்து கழிவறை வரை நடக்க முடியவில்லை. இருபத்தைந்தாம் நாள் அவருடைய அக்கா மகன் ஆளை வைத்து அவரைத் தூக்கிக்கொண்டு போய் அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு ஊருக்குப் போனான். அதற்கப்புறம் அவர் இறங்கவில்லை. பால்கனியிலிருந்து கயிறு கட்டிய வாளி ஒன்று இறங்கும். அதில் தட்டச்சு செய்த சீட்டு இருக்கும். 'அரை லிட்டர் பால். தக்காளி மூன்று, அழுகாதது.' சிலிண்டர்காரரின் மனைவிதான் வாளியை நிரப்புவார். "முற்றுப்புள்ளிகூட விடாம அடிக்கிறாங்க பாருங்க" என்று சீட்டைக் கணவரிடம் காட்டுவார். அவர் வாங்கிப் பார்க்கமாட்டார்.

நாற்பது நாள் ஆனபோது எங்கள் வார்டு சுகாதார நிலையத்து நர்ஸ் ஒரு முடிவோடு வந்தார். உட்கார்ந்தே இருந்ததில் பாதிப் பேருக்குக் கால் வீங்கியிருந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, சின்னப் பிள்ளைகள் படுக்கையை நனைத்தார்கள். உடம்பு அசைந்தால் மனசும் கொஞ்சம் அசையும் என்றார் நர்ஸ். இப்படிப்பட்ட வாக்கியங்களை நான் எளிதில் நம்புவதில்லை. இருந்தாலும் வரிசையில் போய் நின்றேன்.

முதல் நாள் உடற்பயிற்சி மறக்க முடியாதது. நாற்பது பேர் மைதானத்தில். கையைத் தூக்கினோம், இறக்கினோம். பிறகு, "எல்லாரும் நின்ன இடத்துலயே குதிங்க, ஒன்னு, ரெண்டு" என்றார் நர்ஸ். குதித்தோம். ஐந்தாவது குதிப்பில் மூன்றாம் மாடித் தையல்காரரின் மனைவி அலறினார். அவர் குதிக்காமல் பாட்டிலுக்குக் காவல் இருந்தவர்.

"வருது! தண்ணி ஆடுது! வருது!"

நாற்பது பேரும் சிதறி ஓடினோம். நர்ஸையும் தள்ளிவிட்டு ஓடினோம். தெருவரை போய்ப் பிள்ளைகளை எண்ணிப் பார்த்த பிறகுதான், தண்ணீரை ஆட்டியது நாங்களே என்று உறைத்தது. நர்ஸ் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, முழங்கை சிராய்ப்புக்குத் தானே மருந்து போட்டுக்கொண்டார். தையல்காரர் தன் மனைவியிடம், "நீ ஒருத்தி போதும்டி, பூகம்பமே தேவையில்லே" என்றார். யாரோ சிரித்தார்கள். நாற்பது நாளில் அந்த மைதானத்தில் கேட்ட முதல் சிரிப்பு அது. ஆனால் அரை மணி நேரம் நான் பாட்டிலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மற்றவர்களும் எடுக்கவில்லை.

மறுநாள் குதிப்பது இல்லை. நர்ஸ் சாக்பீஸோடு ஏ பிளாக் படிக்கட்டுக்குள் போய், படிகளின் முகப்பில் ஒன்று முதல் எண் எழுதிக்கொண்டே போனார். அவர் சொன்ன விதி சின்னது. தினமும் காலை ஏழு மணிக்கு வர வேண்டும். நேற்று நின்ற படிக்கு மேல் ஒரே ஒரு படி ஏறலாம். அங்கே நின்று மெதுவாக இருபது மூச்சு விட வேண்டும். அப்புறம் இறங்கிவிட வேண்டும். முடியாவிட்டால் ஒரு படி கீழே நிற்கலாம். தெம்பு வந்தவர்களுக்கு ஒரே நாளில் இரண்டு மூன்று படி கூட்டிக்கொள்ளவும் பின்னால் அனுமதி கிடைத்தது. அவ்வளவுதான்.

முதல் படியில் ஏறியதும் இரண்டு கையாலும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். கூரைக்குள் தலைகூடப் போகவில்லை, அதற்கே அப்படி. பக்கத்தில் நின்ற தையல்காரர், "நான் ஒன்னாவது சேர்ந்திருக்கேன் சிஸ்டர், சிலேட்டு எங்கே?" என்றார். அந்தப் பேச்சு பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து ஏ பிளாக்கில் எல்லோரும் மறுபடி பள்ளிக்கூடம் போனோம்.

"அண்ணே, நீங்க எத்தனாவது?"

"எட்டாவது. நேத்து மேல ஏதோ கதவு அடிச்சுது, ஏழாவதுக்கு இறக்கி விட்டுட்டாங்க."

"எங்க வீட்டுக்காரர் பத்தாவது. மூணு நாளா ஃபெயில்."

"அந்தக் காலத்துலயும் அங்கேதானே நின்னார்!"

'படி' என்ற ஒரே சொல் படிக்கட்டுக்கும் படிப்புக்கும் இருப்பதில் எங்களுக்குக் கிடைத்த லாபம் இது. பயத்தைப் பயம் என்று சொல்லக் கூசினோம். ஃபெயில் என்று சொல்ல யாருக்கும் கூச்சமில்லை. கேலி பயத்தைக் குறைத்தது என்று சொல்லமாட்டேன். பயத்தோடு வரிசையில் நிற்க இடம் கொடுத்தது.

சிலிண்டர்காரர்தான் முதலில் மேலே போவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். போகவும் செய்தார். மற்றவர்கள் இருபதில் தவிக்கும்போது அவர் முப்பதைத் தாண்டினார். நான் முப்பத்திரண்டை எட்டி, இரண்டாம் மாடியில் என் வீட்டுக்குள் போய் என் படுக்கையைத் தொட்டுப் பார்த்த அன்று, அவர் நாற்பத்தெட்டில் இருந்தார். அது மூன்றாம் மாடி. அங்கேயே நின்றுவிட்டார்.

ஒரு வாரம் நின்றார். இரண்டு வாரம் நின்றார். அவரவர் மாடி வந்ததும் அவரவர் படிப்பு முடிந்து குடும்பத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாற்பத்தெட்டுக்கு மேல் போக வேண்டிய தேவை அவரைத் தவிர யாருக்கும் இல்லை; நான்காம் மாடியில் டைப்பிஸ்ட் அம்மா வீட்டைத் தவிர இருந்த ஒரே வீடும் பூட்டிக் கிடந்தது. தினமும் காலை அவர் வருவார், நாற்பத்தெட்டில் நிற்பார், இருபது மூச்சை எண்ணுவார். நாற்பத்தொன்பதின் முகப்பில் உள்ள எண்ணையே பார்ப்பார். வியர்வை சட்டையை முதுகோடு ஒட்டும். இறங்கிவிடுவார்.

தையல்காரர் வீடு அந்தப் படிக்கு எதிரேதான். வாசலில் பல் தேய்த்துக்கொண்டே கேட்பார்.

"என்னப்பா, இன்னும் அதே கிளாஸா? பெஞ்சு போட்டுத் தரட்டுமா?"

"கால் வரலே அண்ணே."

"நாப்பத்தெட்டு வந்த கால், நாப்பத்தொம்போது வராதா? படியில என்னப்பா வித்தியாசம்?"

படியில் வித்தியாசம் இல்லை என்பது உண்மை. நாங்கள் எல்லோரும் படிக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தோம். பயப்படுகிறவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். அவர் பயந்தது ஒரு கதவுக்கு. கதவுக்குப் பின்னால் இருக்கிற ஒரு வாய் திறந்து, 'நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சா?' என்று கேட்டுவிடும் என்பதற்கு. கேட்டால் இவரிடம் பதில் இருந்தது. அதுதான் பயம்.

மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை. ஆனால் மனைவிக்கு ஏதோ தெரிந்திருந்தது. ஒரு காலை வாளி இறங்கியபோது சீட்டை எடுத்து, இந்தத் தடவை கணவரின் கையிலேயே வைத்தார். 'காஸ் தீர்ந்தது. மின்சார அடுப்பில் இரண்டு நாள் ஓட்டலாம். சிலிண்டர் தம்பி மேலே வர வேண்டும். வேறு ஆள் வேண்டாம்.'

"வேற ஆள் வேண்டாம்னு எதுக்குங்க போட்டிருக்காங்க?"

"எனக்கென்ன தெரியும்?"

"தெரியலேன்னா இப்படி ஏன் வேர்க்குது உங்களுக்கு?"

அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாளும் நாற்பத்தெட்டில் நின்றுவிட்டு இறங்கி வந்து, நர்ஸிடம், "வேற ஒருத்தர வெச்சு ஏத்திடலாம் சிஸ்டர்" என்றார்.

"ஏத்தலாம். ஆனா அவங்க உங்களைத்தானே கேட்டிருக்காங்க?"

"அதான் சிஸ்டர் பயம்."

நர்ஸ் அதற்கு மேல் கேட்கவில்லை. "வெறும் தோளோட எத்தனை நாள் ஏறினீங்கண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

அவர் யோசித்தார். வெறும் தோளோடு படியேறுவது அவருக்குப் பழக்கமே இல்லை. பாரம் இல்லாதபோது கைக்கும் காலுக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. படியைப் பார்க்க வேண்டியிருந்தது, எண்ணைப் பார்க்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் காலை துண்டை நான்காக மடித்தார். நிரம்பிய சிலிண்டரைத் தோளில் ஏற்றினார். எதிர்ச்சுவரில் பார்வையை வைத்தார். நர்ஸ் "பாரத்தோட வேண்டாம்ணே" என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார், மூன்றாம் மாடியில் நின்றுகொண்டார். நாற்பத்தெட்டை அவர் கால் கவனிக்கவில்லை.

ஐம்பத்தேழாவது படியில் கால் கவனித்தது. விளிம்பு பெயர்ந்திருந்ததால் பாதம் கொஞ்சம் முன்னால் சரிந்தது. அந்த ஒரு சரிவுக்கே காதுக்குள் ஜல்லி கொட்டுகிற சத்தம் வந்துவிட்டது. சுவர் நகர்கிறதா என்று பார்த்தார். நகரவில்லை. திரும்பி இறங்கலாம் என்று நினைத்தாராம்; ஆனால் தோளில் பாரத்தோடு அந்த இடத்தில் திரும்ப அகலம் போதாது. "திரும்ப முடிஞ்சிருந்தா திரும்பியிருப்பேன்" என்று என்னிடம் சொன்னார். அவரைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிடக்கூடாது என்று தோன்றியது.

மேலே கதவு திறந்தே இருந்தது. ஸ்பேனரை எடுக்கத் தேவை இருக்கவில்லை. புதிதாகப் போட்ட கதவைச் சுவரோரம் தள்ளி, கொடிக்கயிற்றால் ஜன்னல் கம்பியோடு இறுகக் கட்டியிருந்தது. வாசலில் ஒரு திரைச்சீலை மட்டும். டைப்பிஸ்ட் அம்மா திரையை விலக்கினார். மெலிந்திருந்தார்.

"வா. ஐம்பத்தேழுல உடைஞ்சிருக்கு, பாத்து வந்தியா?"

"பாத்தேம்மா."

"கதவைப் பாக்கிறியா? அன்னைக்கு அப்புறம் நான் மூடுறதே இல்லே. படுக்கும்போதும் திறந்துதான் கிடக்கும். நாயோ பூனையோ வரட்டும்." நாற்காலியைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தார். "திறந்து கிடந்தா எல்லாம் கேக்குது தம்பி. நீ தினமும் நாப்பத்தெட்டு வரைக்கும் வர்றது கேக்குது. மூச்சு எண்றியே, அதுகூடக் கேக்குது. பதினேழோட நிறுத்திட்டு இருபதுன்னு சொல்லிட்டு இறங்கிடுறே, சில நாள்."

சிலிண்டர்காரருக்கு வேலை கை கொடுத்தது. அடுப்படிக்குப் போனார். காலி சிலிண்டரைக் கழற்றி ஒதுக்கினார். புதியதன் பிளாஸ்டிக் முத்திரையைப் பிய்த்தார், மூடியைத் திறந்தார், வாஷர் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். தலைக்கு மேல் கூரை இருக்கிறது என்ற நினைப்பு கழுத்தில் உட்கார்ந்திருந்தது. ரெகுலேட்டரை வைத்து அழுத்தினார். அது இன்னும் பூட்டிக்கொள்ளவில்லை.

அப்போது அலமாரியில் பாத்திரங்கள் பேச ஆரம்பித்தன.

சின்ன அதிர்வுதான். நான் இரண்டாம் மாடியில் இருந்தேன். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த டம்ளர் பல்லில் இடித்தது, அவ்வளவுதான். ஆனால் அது எவ்வளவு நேரம் என்று ஆரம்பிக்கும்போது யாருக்கும் தெரியாது. சி பிளாக்குக்கும் அது இப்படித்தான் ஆரம்பித்திருக்கும்.

சிலிண்டர்காரர் ஓடினார். இந்தத் தடவையும் ஓடினார். திரையைக் கிழித்துக்கொண்டு வாசலைத் தாண்டி நான்கு படி இறங்கிவிட்டார்.

அறுபதாவது படியில் நின்றார்.

ஏன் நின்றார் என்று பலமுறை கேட்டிருக்கிறேன். ஒரு தடவை, ரெகுலேட்டர் பூட்டவில்லை, காஸ் சீறுவது காதில் விழுந்தது, அதனால்தான் என்றார். இன்னொரு தடவை வேறு சொன்னார். "அந்தம்மா கூப்பிடலே சார். அதான் நின்னேன். கூப்பிட்டிருந்தா ஓடியிருப்பேன்." எது உண்மை என்று அவருக்கே நிச்சயமில்லை என்று நினைக்கிறேன். கீழே நர்ஸ் "அண்ணே, வந்துடுங்க!" என்று கத்தினார். மேலிருந்து யாரும் கூப்பிடவில்லை. காஸ் மட்டும் சீறிக்கொண்டிருந்தது.

ஏறினார். நான்கு படிதான். கைப்பிடிச் சுவரில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாக, குழந்தை ஏறுவதுபோல. அடுப்படியில் ரெகுலேட்டரைத் திருகி அழுத்திப் பூட்டினார். சீறல் நின்றது. ஜன்னலைத் திறந்தார். பாத்திரங்களின் சத்தம் அதற்குள் அடங்கியிருந்தது.

டைப்பிஸ்ட் அம்மா நாற்காலியில் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தார். வாசலில், கதவைக் கட்டிய கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றிருந்தார். விரல்கள் வெளுத்திருந்தன.

"ஏம்மா கூப்பிடலே?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "போன தடவை கூப்பிட்டுப் பாத்தேனே."

அவ்வளவு நாளாக எதற்குப் பயந்தாரோ அது வந்துவிட்டது. கீழே விழுந்த திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கேட்டுச்சும்மா. கேட்டுத்தான் ஓடினேன்."

"தெரியும். சிலிண்டர் விழுந்த சத்தம் கேட்டுச்சு. அப்புறம் ஒரு நொடி உன் கால் சத்தமே இல்லே. அப்புறம்தான் உன் கால் ஓடிச்சு. ஒரு நொடி நின்னிருக்கே."

"நின்னேன்."

"அந்த ஒரு நொடியை வெச்சுக்கிட்டுத்தான் இங்கே உக்காந்திருக்கேன். உன்னைத் திட்டித் திட்டி வாய் வலிச்சுப்போச்சு. அப்புறம், நானா இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு யோசிச்சேன். எனக்கு முழங்கால் நல்லா இருந்து, கீழே வழி இருந்து, மேலே யாரோ ஒருத்தர் கத்தினா..." நிறுத்தினார். "பதில் வரலே தம்பி. இன்னும் வரலே. அதனால உன்னை மன்னிச்சேன்னும் சொல்ல முடியலே. வேணும்னா கேட்டுக்கோ, சொல்றேன். ஆனா அது பொய்யா இருக்கும்."

"வேண்டாம்மா."

"நல்லது."

இந்த உரையாடலை இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பெரிதாக மாறவில்லை. இதில் பெருந்தன்மை என்று எதையாவது எடுத்துக்காட்ட முடியுமா என்று தேடினேன். அந்தம்மா பெருந்தன்மை காட்டவில்லை, கணக்குத் தீராததைத் தீர்ந்ததாகச் சொல்லவில்லை. அவ்வளவு நேர்மையை நான் வேறு இடத்தில் அதிகம் பார்த்ததில்லை. இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளலாம்.

"அப்போ என்னை எதுக்கும்மா வரச் சொன்னீங்க?"

"இறங்கணும்."

"இறங்கணுமா?"

"இங்கே இருக்கவும் பயமா இருக்கு. படியப் பாத்தாலும் பயமா இருக்கு. மறுபடி நாற்காலியில தூக்கிட்டுப் போறதுக்கு நான் பீரோ இல்லே. என் கால்ல இறங்கணும். கூட ஒரு ஆள் வேணும்."

"நர்ஸ் சிஸ்டர் இருக்காங்களே, நல்லாப் பாத்துப்பாங்க."

"அந்தப் பொண்ணு பயப்படாது. 'வாங்கம்மா, ஒன்னுமில்லே'ன்னு சொல்லிச் சொல்லியே இழுத்துட்டுப் போயிடும். ஒன்னுமில்லேன்னு சொல்றவங்களோட என்னால இறங்க முடியாது. உனக்குத்தான் இதுல என்ன இருக்குன்னு தெரியும்."

"நான் திரும்ப ஓடினா?"

"ஓடுவே. எத்தனை படின்னு பாப்போம்."

அன்றைக்கு அந்தம்மா இரண்டு படி இறங்கினார். சிலிண்டர்காரர் ஒரு படி கீழே, அவரைப் பார்த்தபடி பின்னோக்கி இறங்கினார். இவர் தோள் அந்தம்மாவுக்குப் பிடிமானம். அறுபத்திரண்டில் நின்று இருபது மூச்சு விட்டார்கள். "பதினெட்டுதான் ஆச்சு" என்றார் அந்தம்மா. மீதி இரண்டையும் விட்டார்கள். இரண்டு படியைத் திரும்ப ஏறிப் போய் வீட்டுக்குள் விட்டுவிட்டு இவர் இறங்கினார். கீழே வந்ததும் முதல் படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். மனைவி முதுகைத் தடவிக்கொண்டே, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். அன்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு, "நாளைக்கும் போகணுமாங்க?" என்றார்.

"ம்."

"அப்போ ஏதாவது சாப்பிட்டுட்டுப் போங்க. வெறும் வயித்தோட போயிட்டு வந்து இப்படிப் பண்ணாதீங்க."

எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மேலே ஏறினார்கள். டைப்பிஸ்ட் அம்மா மட்டும் மேலிருந்து கீழே படித்தார். தையல்காரர் இதற்கு ஒரு பெயர் வைக்கப் பார்த்தார். சரியாக எதுவும் அமையவில்லை. ஒரு நாள் பாதிப் படி மட்டும். சில நாள் ஒன்றும் இல்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். நாற்பத்தெட்டுக்கு வந்த அன்று தையல்காரரின் மனைவி நாற்காலி போட்டுத் தேநீர் கொடுத்தார். அதற்குப் பிறகு மூன்று நாள் அந்தம்மா இறங்க மறுத்தார். தேநீர் தப்பு என்று நர்ஸ் சொன்னார். ஓரிடத்தில் வசதி கிடைத்தால் அதைத் தாண்டுவது கஷ்டமாம்.

நடுவில் இரண்டு சின்ன அதிர்வுகள் வந்தன. ஒரு தடவை சிலிண்டர்காரர் ஒரு படி இறங்கிவிட்டார். ஒரு தடவை நகரவில்லை. ஆனால் அது பயத்தில் கால் மரத்துப்போனதால் என்று அவரே சொன்னார். இதை முன்னேற்றம் என்று நர்ஸ் சொல்கிறார். எனக்கு அப்படிச் சொல்லத் தயக்கம். நர்ஸ் ஒருவர்தான் எங்கள் எல்லோரையும் விட அதிகம் பார்த்தவர் என்பதால் மறுத்துப் பேசவும் இல்லை.

நேற்று அவர்கள் முப்பத்தொன்றில் இருந்தார்கள். என் வீட்டு வாசலுக்கு ஒரு படி கீழே. நான் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் கல் லாரி ஒன்று போயிற்று. கைப்பிடிச் சுவர் லேசாக அதிர்ந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுவரைப் பிடித்தார்கள். என் கையும் கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

"லாரிதான்," என்றார் சிலிண்டர்காரர்.

லாரி தெருமுனை திரும்பி, சத்தம் தேய்ந்து, இல்லாமல் போன பிறகும் மூன்று பேரும் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு அந்தம்மா ஒரு கையை மட்டும் சுவரிலிருந்து எடுத்து அவர் தோளில் வைத்தார், வலது காலை முன்னால் நீட்டி, முப்பதாவது படி எங்கே இருக்கிறது என்று பாதத்தால் தேடினார்.